பழைய தபால் பெட்டியும் புதிய பூட்டும்

போன வருடம் ஆடி மாதம், ஒரு காலை நேரம். வழக்கம்போல் காபியை மேசை மேல் வைத்துவிட்டு என் பழைய கணினியை முடுக்கினேன். அது எழுந்து உட்காரக் கால் மணி நேரம் ஆகும். அதற்குள் காபியும் முடியும், செய்தித்தாளில் இரண்டு பக்கமும் முடியும். பிறகு அவுட்லுக் எக்ஸ்பிரஸைத் திறந்து 'அனுப்பு, பெறு' என்ற பொத்தானை அழுத்துவேன். 2003-இல் அந்தக் கணினியை வாங்கிய நாள் முதல் இருக்கும் பழக்கம் இது.

அன்று கடிதம் வரவில்லை. சர்வருடன் இணைய முடியவில்லை என்று ஒரு பெட்டி வந்து நின்றது. மூடிவிட்டு மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதே பெட்டி. இணைய இணைப்பில் கோளாறு என்று நினைத்தேன். ஆனால் செய்தித் தளங்கள் மெதுவாகவாவது திறந்தன. சரி, கடவுச்சொல்தான் ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு செய்து, அமைப்புகளுக்குள் போய் அதை மறுபடி மறுபடி தட்டினேன். பத்து முறை இருக்கும். அரசு ஊழியனுக்கு விண்ணப்பம் திரும்பி வந்தால் அதையே இன்னொரு முறை எழுதி அனுப்பத்தானே தெரியும்!

கடைசியில் கைப்பேசியில் அதே அஞ்சல் முகவரியைத் திறந்து பார்த்தேன். கடிதங்கள் எல்லாம் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தன. அதாவது பெட்டி இருக்கிறது, தபால் இருக்கிறது, என் சாவியும் சரி. என் பழைய வாசல் வழியாக மட்டும் வர முடியவில்லை.

"இருபது வருஷமா அந்த டப்பாவைக் கட்டிக்கிட்டு அழறீங்க. எல்லாரும் போன்லதானே பார்க்கறாங்க, நீங்களும் அதுல பாருங்களேன்" என்றாள் என் மனைவி.

அவள் சொன்னதில் தவறில்லை. புதுக் கடிதங்களுக்குக் கைப்பேசி போதும். என் கவலை பழைய கடிதங்களைப் பற்றியது. அந்த டப்பாவுக்குள்தான் என் அக்கா இருந்தாள்.

---

அக்கா கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போனவள். அத்தான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் இப்படிப் போன குடும்பங்கள் தெருவுக்கு நாலு இருக்கும். ஆரம்பத்தில் நீல நிற ஏர்மெயில் கடிதங்கள் வரும். ஒரு கடிதம் வந்து, பதில் போய், அதற்குப் பதில் வர ஒரு மாதம் பிடிக்கும். நான் கணினி வாங்கிய வருடம் அவளும் வாங்கினாள். அன்றிலிருந்து 2015-இல் அவள் காலமாகும் வரை வாரத்துக்கு ஒரு கடிதமாவது எழுதிவிடுவாள்.

நாங்கள் இருவரும் பிரெஞ்சு வழியில் படித்தவர்கள். தமிழ் எங்களுக்குப் பேச்சில் தாய்மொழி, எழுத்தில் இரண்டாம் பாடம். அதனால் ஏர்மெயில் காலத்தில் எங்கள் கடிதங்கள் எல்லாம் பிரெஞ்சில்தான். மொரிசன் தோட்டம், மாங்காய், அம்மாவின் மூட்டுவலி எல்லாம் பிரெஞ்சில்! கணினி வந்த பிறகுதான் அக்கா பிடிவாதமாகத் தமிழ் தட்டச்சு கற்றுக்கொண்டாள். அப்போது அவளுக்கு அறுபது நெருங்கியிருந்தது. முதல் தமிழ்க் கடிதத்தில் ஆறு வரி, பதினோரு பிழை. எண்ணிப் பார்த்து அவளுக்கே எழுதினேன். அடுத்த கடிதம் முழுக்கப் பிரெஞ்சில், கோபத்தோடு வந்தது. அதற்கடுத்தது மறுபடி தமிழில் வந்தது.

அந்தக் கடிதங்கள் ஏன் அந்த ஒரு கணினியில் மட்டும் இருக்கின்றன என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. அப்போது தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் இணையம். 'கீ கீ' என்று கத்திவிட்டு இணையும். நிமிடக் கணக்கில் காசு. ஆகையால் இணைந்த உடனே வந்த கடிதங்களை எல்லாம் வீட்டுக்கு இறக்கிக்கொண்டு, எழுதி வைத்திருப்பதை அனுப்பிவிட்டு, இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். பிறகு நிதானமாகப் படிக்கலாம். அதற்காகவே ஏற்பட்ட முறைக்குப் பாப் என்று பெயர். தபால் ஆபீசில் நமக்கென்று பெட்டி வைத்திருப்பார்கள் அல்லவா, அதைத் திறந்து கடிதங்களை அள்ளிக்கொண்டு வந்துவிடுவது போல. அள்ளியபின் அங்கே பெட்டி காலி. பிரதி ஒன்றை அங்கேயும் விட்டுவை என்று சொல்ல ஒரு கட்டம் இருந்தது. ஆனால் அன்றைய இலவச அஞ்சல் பெட்டிகள் சில மெகாபைட்டுக்கு மேல் தாங்காது. அக்கா இரண்டு புகைப்படம் அனுப்பினால் நிரம்பிவிடும். 2004 ஏப்ரல் முதல் தேதி ஜிமெயில் ஒரு ஜிகாபைட் தருவதாக அறிவித்தபோது, தேதியைப் பார்த்துவிட்டு அதை ஏப்ரல் ஃபூல் என்று நினைத்தவர்கள் உண்டு. காலம் அப்படி.

இன்னொரு முறைக்கு ஐமாப் என்று பெயர். அதில் கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும், நாம் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். ரெக்கார்டு ரூமில் இருக்கும் கோப்பை அங்கேயே உட்கார்ந்து படிப்பது போல. வீட்டுக் கணினி கெட்டாலும் கோப்பு பத்திரம். இன்று கைப்பேசியில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்த மாதிரிதான்.

நான் அள்ளிக்கொண்டு வருகிறவன். அக்காவின் 612 கடிதங்களும் 'அக்கா' என்று நான் பெயரிட்ட ஓர் உறைக்குள், அந்த ஒரே கணினியில், அந்த ஒரே நிரலுக்குள் இருந்தன. வேறெங்கும் இல்லை.

---

சனிக்கிழமை என் மகளின் பையன் வந்தான். கல்லூரியில் படிக்கிறான். அவனுக்கு முன்னால் அந்தக் கணினியைத் திறப்பதற்கே எனக்குக் கூச்சம். ஆனால் அவன் சிரிக்கவில்லை. பழைய அம்பாசடர் காரைப் பார்ப்பதுபோல் மரியாதையாகச் சுற்றி வந்தான்.

"தாத்தா, உங்க பாஸ்வேர்டு தப்பில்ல. அது வரைக்கும் பேச்சே போகல. அதுக்கு முன்னாடியே கதவைச் சாத்திடறாங்க."

"ஏன்டா, நேத்து வரைக்கும் திறந்தவங்கதானே?"

"உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியிருப்பாங்களே?"

அனுப்பியிருந்தார்கள். மூன்று மாதத்தில் நான்கு முறை. பாதுகாப்பை மேம்படுத்துகிறோம், இன்ன தேதிக்குப் பிறகு பழைய நிரல்கள் இயங்காது, உடனே நடவடிக்கை எடுக்கவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. 'உடனே நடவடிக்கை' என்று யார் எழுதினாலும் மோசடிக்காரர்கள் என்று பத்திரிகைகளில் நாள்தோறும் எச்சரிக்கிறார்களே! நான்கையும் படிக்காமலே அழித்தேன். பேரனிடம் இதைச் சொன்னபோது அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். முப்பது வருடத்துக்கு மேல் மற்றவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிய எனக்கு வந்த சுற்றறிக்கையின் கதி இது.

பிறகு அவன் விளக்கினான். அவன் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன்.

கணினியும் சர்வரும் கடிதத்தைக் கைமாற்றும் முன், நடுவில் யாரும் படிக்காதபடி ஒரு ரகசிய மொழியில் பேச ஒப்புக்கொள்கின்றன. அந்த மொழிக்கு டிஎல்எஸ் என்று பெயர். அதன் முதல் பதிப்பு 1999-இல் வந்தது. அடுத்தது 2006, அதற்கடுத்த 1.2 என்ற பதிப்பு 2008, அதற்கும் அடுத்தது 2018. பழைய பதிப்புகளில் ஓட்டைகள் தெரியவந்ததால், இணையத்துக்கு விதிமுறை வகுக்கும் அமைப்பு 2021 மார்ச்சில் முதல் இரண்டையும் கைவிடச் சொல்லிவிட்டது. இப்போது சர்வர்கள் குறைந்தபட்சம் 1.2 பேசச் சொல்கின்றன.

அவுட்லுக் எக்ஸ்பிரஸுக்குச் சொந்தமாக ரகசிய மொழி கிடையாது. விண்டோஸ் கற்றுக்கொடுத்ததைத்தான் பேசும். என் கணினியில் இருப்பது விண்டோஸ் எக்ஸ்பி. அதற்குத் தெரிந்தது முதல் பதிப்பு மட்டும். 2014 ஏப்ரலோடு எக்ஸ்பிக்குப் பொதுவான பராமரிப்பும் நின்றுவிட்டது. ஆகவே என் கணினி 1999-ஆம் வருடத்து மொழியில் வணக்கம் சொல்கிறது, வாசலில் நிற்பவர் காதில் வாங்காமல் கதவைச் சாத்துகிறார். நான் உள்ளே உட்கார்ந்து கடவுச்சொல்லைப் பத்து முறை மாற்றி எழுதி என்ன பயன்? கடவுச்சொல் கேட்கும் மேசை கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

"அப்ப வழியே இல்லையா?" என்றேன்.

"இருக்கு தாத்தா. நடுவுல ஒருத்தர வைக்கணும். உங்க மொழியும் தெரியணும், அவங்க மொழியும் தெரியணும்."

"துபாஷி!" என்றேன்.

அவனுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. புதுச்சேரியில் பிறந்தவனுக்குத் துபாஷி தெரியாதா என்று எனக்கு வருத்தம். துப்ளேயின் காலத்தில் ஆனந்தரங்கப் பிள்ளை செய்த வேலை அதுதான் என்று சொன்னேன். இரண்டு பாஷை தெரிந்தவர் துபாஷி. கவர்னர் பிரெஞ்சில் பேசுவார், வியாபாரி தமிழில் பேசுவார், நடுவில் இருப்பவர் இரண்டு பக்கத்துக்கும் புரிய வைப்பார். பிள்ளை அதோடு நிற்காமல் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பும் எழுதி வைத்ததால்தான் அந்தக் காலத்துப் புதுச்சேரி நமக்குத் தெரிகிறது.

"கரெக்ட். இதுக்குப் பேரு எஸ்டனல். இலவசம்தான்" என்றான்.

அவன் தன் மடிக்கணினியில் அந்தத் துபாஷியைக் குடியேற்றினான். என் பழைய கணினியிடம், இனி வெளியே போகாதே, வீட்டுக்குள்ளேயே இருக்கும் இந்த மடிக்கணினியிடம் கடிதம் கேள் என்று சொன்னான். பாப் முறையில் பூட்டில்லாத வாசலுக்கு 110 என்று எண், பூட்டுள்ள வாசலுக்கு 995. என் கணினி 110 வழியாகப் பூட்டில்லாமல் கேட்கும். துபாஷி அதை வாங்கி, புதிய ரகசிய மொழியில் 995 வழியாகச் சர்வரிடம் கேட்பார். பூட்டில்லாத பேச்சு வீட்டுச் சுவருக்குள் முடிந்துவிடுவதால் வெளியில் யாருக்கும் கேட்காது. கடிதம் அனுப்புவதற்குத் தனி வாசல் உண்டு. அலுவலகத்தில் இன்வர்டு ஒரு மேசை, டிஸ்பாட்ச் ஒரு மேசை என்று இருக்குமே, அப்படி. அனுப்பும் வாசல் எண்கள் 587, 465. அதற்கும் அவன் இதே ஏற்பாட்டைச் செய்தான்.

பொத்தானை அழுத்தினேன். இந்த முறை கதவு திறந்தது. ஆனால் உடனே கடவுச்சொல் கேட்டது. கொடுத்தேன். மறுத்தது.

இது இரண்டாவது பூட்டு. இப்போது பல அஞ்சல் நிறுவனங்கள் வெறும் கடவுச்சொல்லை மட்டும் ஏற்பதில்லை. கைப்பேசிக்கு ஓர் எண் அனுப்பி, அதையும் கேட்டுத்தான் உள்ளே விடும். 2003-இன் நிரலுக்கு அந்த எண்ணைக் கேட்டு வாங்கத் தெரியாது. அந்த மாதிரிப் பழைய நிரல்களுக்கென்றே சில நிறுவனங்கள் ஒரு சலுகை வைத்திருக்கின்றன. கணக்குக்குள் போய், இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, இந்த ஒரு நிரலுக்கு மட்டும் என்று தனிக் கடவுச்சொல் வாங்கிக்கொள்ளலாம். அதை அவர்களே உருவாக்கித் தருவார்கள், நீளமாக, அர்த்தமில்லாமல் இருக்கும். வேண்டாம் என்றால் அதை மட்டும் ரத்து செய்யலாம், நம் உண்மையான கடவுச்சொல்லுக்கு ஒன்றும் ஆகாது. பியூனிடம் தபால் வாங்கிவர அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுப்போம், பீரோ சாவியைக் கொடுக்க மாட்டோம் அல்லவா? அதுதான் இது.

அந்த நீள எழுத்துகளைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தட்டினேன். கடிதங்கள் இறங்க ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு என்று 43 வரை. பெரும்பாலும் விளம்பரம், வங்கி அறிக்கை. ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேரன் பார்க்காததுபோல் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

---

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

கிளம்பும்போது அவன் கணினியின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டான். "டக் டக்னு சத்தம் வருதே, எவ்ளோ நாளா?" என்றான். நான் அதை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்திருந்தேன். அது ஹார்டு டிஸ்க்.

"தாத்தா, மெயில் வருதா இல்லையாங்கறது முக்கியமே இல்ல. பெரிய பாட்டி லெட்டர் எல்லாம் இதுலதானே இருக்கு? முதல்ல அதை வெளிய எடுங்க."

எனக்குச் சுரீர் என்றது. வாசலில் பூட்டு மாறியதற்கு ஒரு வாரம் தூக்கமில்லாமல் இருந்தவன், வீட்டுக் கூரை ஒழுகுவதைக் கவனிக்கவில்லை. வேலை பார்த்த காலத்தில், முக்கியமான உத்தரவு ஏதும் ஒரே பிரதியாக இருந்தால் நான் கையெழுத்து வைக்கவே மாட்டேன். கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு பிரிவில் வைத்த பிறகுதான் மூச்சு விடுவேன். சொந்த அக்காவின் கடிதங்களுக்கு ஒரு பிரதி இல்லை.

வெளியே எடுப்பது நினைத்ததைவிடச் சுலபம். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் கடிதங்களைத் தேர்ந்தெடுத்து, சுட்டியால் அப்படியே இழுத்து, வெளியே ஒரு சாதாரண உறைக்குள் போட்டால், ஒவ்வொரு கடிதமும் இஎம்எல் என்ற வால் கொண்ட தனிக் கோப்பாகிவிடும். அந்தக் கோப்புகளை இன்றைய நிரல்களும் படிக்கும். பேரன் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் காலையிலிருந்து நானே உட்கார்ந்து, ஐம்பது ஐம்பதாக இழுத்துப் போட்டேன். மாலைக்குள் 612 கடிதங்களும் ஒரு பென் டிரைவில் வந்துவிட்டன. கட்டைவிரல் அளவு. பன்னிரண்டு வருடம்.

அடுத்த வாரம் மகள் வாங்கிக் கொடுத்த புதிய கணினியில் தண்டர்பேர்ட் என்ற இலவச நிரலைப் போட்டு, அந்தக் கோப்புகளை அதற்குள் இழுத்து விட்டேன். பிரெஞ்சுக் கடிதங்கள் அழகாகத் திறந்தன. 2012-இல் எழுதிய ஒன்றை முதலில் படித்தேன். அந்த வருடம் ஜூன் 30-ஆம் தேதியோடு பிரான்சில் மினிடெல் சேவையை மூடினார்கள். இணையம் வரும் முன்பே வீட்டுக்கு வீடு தொலைபேசியோடு இணைத்திருந்த சின்னத் திரைப் பெட்டி அது. தொலைபேசி எண் தேடுவது, ரயில் டிக்கெட் எடுப்பது எல்லாம் அதில்தான். பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, அந்தப் பக்கம் பேச ஆளில்லை என்று அக்கா எழுதியிருந்தாள். என் கணினியை நினைத்துக்கொண்டேன். அவள் பெட்டிக்குத் துபாஷி வைத்தும் பயனில்லை, பேச வேண்டியவரே போய்விட்டார். எனக்கு அப்படி இல்லை.

பிறகு 2003 முதல் 2007 வரையான தமிழ்க் கடிதங்களைத் திறந்தேன். ஒரு வரிகூடத் தமிழாக இல்லை. மேலே புள்ளி, கீழே வால், தொப்பி போட்ட எழுத்துகள் என்று பிரெஞ்சுக்காரன் தூக்கத்தில் தட்டச்சு செய்ததுபோல் இருந்தது. அக்கா அறுபது வயதில் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்த கடிதங்கள். பிரெஞ்சில் எழுதியதெல்லாம் பிழைத்துக்கொண்டது, சிரமப்பட்டுத் தமிழில் எழுதியதுதான் போய்விட்டதா?

போகவில்லை. இதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், உங்களில் பலரிடம் இப்படிப்பட்ட கடிதங்கள் இருக்கும். யூனிகோடு பரவும் முன், இணையத்தில் தமிழ் எழுதப் பலர் திஸ்கி என்ற குறியீட்டைப் பயன்படுத்தினார்கள். கணினியில் ஓர் எழுத்துக்கு 256 இடம்தான். முதல் 128-இல் ஆங்கிலம் உட்கார்ந்துவிட்டது. மீதி 128-இல் ஐரோப்பாவில் பிரெஞ்சு முதலிய மொழிகளின் வால் எழுத்துகளை வைத்திருந்தார்கள். திஸ்கி அதே இடத்தில் தமிழை வைத்தது. ஒரே அறையில் இரண்டு குடித்தனம். திஸ்கி எழுத்துருவைப் போட்டுப் பார்த்தால் தமிழ் தெரியும், போடாமல் பார்த்தால் பிரெஞ்சு எழுத்துகள் தெரியும். உள்ளே இருக்கும் எண் ஒன்றுதான்.

இப்போதுதான் ஒரு பழைய விஷயம் எனக்கு விளங்கியது. அக்கா ஒரு கடிதத்தில் இரண்டு மொழியையும் கலந்து எழுதவே மாட்டாள். பேசும்போது ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு மொழி வரும், கடிதத்தில் வராது. அதைக் கண்டிப்பு என்று நினைத்திருந்தேன். கலந்து எழுதினால் ஏதாவது ஒன்று குதறிப்போகும் என்பதால்தான் அப்படி எழுதியிருக்கிறாள் போலும். 2007-க்குப் பிறகு யூனிகோடுக்கு மாறியதும் இரண்டும் சேர்ந்தே வர ஆரம்பித்தன, பேச்சில் வருவது போலவே.

பழைய கணினியிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்து வந்து, தண்டர்பேர்டின் எழுத்துரு அமைப்பில் வைத்தேன். திரை ஒருமுறை கண் சிமிட்டியது. ஆறு வரி, பதினோரு பிழை, அப்படியே வந்து நின்றது. 'தம்பி நலமா' என்பதில் 'ம்' விட்டுப்போயிருந்தது. பொங்கு தமிழ், என்எச்எம் மாற்றி போன்ற எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. அவற்றால் திஸ்கியை யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொன்றாக மாற்றிவருகிறேன். பிழைகளைத் திருத்தவில்லை.

---

புரட்டாசி முடிவதற்குள் பழைய கணினி நின்றுவிட்டது. ஒரு காலை அழுத்தினேன், 'டக் டக்' என்றது, பிறகு அதுவும் இல்லை. கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "டிஸ்க் போயிடுச்சு சார், ஒண்ணும் எடுக்க முடியாது" என்றார். எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டேன் என்று நிம்மதியாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அன்று இரவுதான் உறைத்தது. நான் எடுத்தது 'அக்கா' உறையை. அவளுக்கு நான் எழுதிய பதில்கள் 'அனுப்பியவை' என்ற உறையில் இருந்தன. அதை நான் தொடவே இல்லை. இன்வர்டு ரிஜிஸ்டரைக் காப்பாற்றி, டிஸ்பாட்ச் ரிஜிஸ்டரை எரியவிட்டிருக்கிறேன்.

இப்போது அக்காவின் கடிதங்களைப் படிக்கும்போது பாதிப் பேச்சு மட்டும் கேட்கிறது. 'நீ கேட்டதற்குப் பதில், இல்லை' என்று ஒரு கடிதம் தொடங்குகிறது. நான் என்ன கேட்டேன்? 'அப்படி எழுதியதற்கு உன் மேல் இரண்டு நாள் வருத்தம், இப்போது இல்லை' என்று இன்னொன்று. என்ன எழுதினேன்? நினைவில்லை. கேட்கவும் ஆள் இல்லை.

வெட்கத்தோடு பிரான்சில் இருக்கும் அக்கா மகளுக்கு எழுதினேன், அக்காவின் கணினி இருக்கிறதா என்று. இல்லை, எப்போதோ போட்டுவிட்டோம் என்று பதில் வந்தது. பத்து நாள் கழித்து அவளே தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மாமா, அம்மா பீரோல ஒரு கிளாசர் இருந்துச்சு. உங்க மெயில் எல்லாம் இல்ல, கொஞ்சம். அம்மா பிரிண்ட் எடுத்து வச்சிருக்காங்க. எழுபது, எண்பது இருக்கும்."

கிளாசர் என்பது அங்கே கோப்பு அட்டைக்குச் சொல்வது. என் எழுத்தை அவள் காகிதத்தில் எடுத்து, துளையிட்டு, தேதி வரிசையில் கோர்த்து வைத்திருக்கிறாள். காகிதத்தில் எழுத்துரு போட வேண்டியதில்லை. ரகசிய மொழியும் வேண்டாம். அரசாங்க ரெக்கார்டு கிளார்க்கு நான்தான், ஆனால் அவள்தான் கோப்பு வைத்திருக்கிறாள். அக்கா மகள் அவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புகிறாள். 'நீ கேட்டதற்குப் பதில், இல்லை' என்ற கடிதத்துக்கு முந்தையது இன்னும் வரவில்லை.

என் வயதொத்தவர்களுக்குச் சொல்வது இதுதான். பழைய அஞ்சல் நிரல் வைத்திருந்தால், அது வேலை செய்யும்போதே திறந்து, கடிதங்கள் சர்வரிலும் இருக்கின்றனவா, உங்கள் கணினியில் மட்டும்தானா என்று பாருங்கள். கணினியில் மட்டும் என்றால் இன்றைக்கே வெளியே இழுத்து இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று பிள்ளைகள் வீட்டில். வந்தவற்றோடு அனுப்பியவற்றையும் சேர்த்து எடுங்கள். பழைய தமிழ் எழுத்துருக்களையும் கூடவே வையுங்கள். அஞ்சல் நிறுவனம் அனுப்பும் அறிவிப்பில் இருக்கும் இணைப்பை அழுத்த வேண்டாம், ஆனால் படிக்காமல் அழிக்கவும் வேண்டாம். விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். பழைய கணினியைத் துபாஷி வைத்து ஓட்டலாம், ஆனால் பராமரிப்பு நின்றுபோன கணினியை நாள் முழுக்க இணையத்தில் விட்டுவைப்பது பாதுகாப்பில்லை. கடிதங்களை மீட்கும் வரை ஓட்டினால் போதும்.

முடிந்தால் முக்கியமான பத்துக் கடிதங்களைக் காகிதத்தில் எடுத்துத் துளையிட்டு வையுங்கள். நான் நேற்றுதான் கடைக்குப் போய் ஒரு கோப்பு அட்டை வாங்கி வந்தேன்.